கேட்பவர் பங்கு

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, மலேசியாவின் வட சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் மடித்த குடையும் இடுப்பில் சுருக்குப் பையுமாக, பேரனாகிய என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒரு சர்க்கார் அலுவலகத்துக்குப் போன என் பாட்டி, அங்கே கண்ணாடித் தடுப்பில் குடைந்திருந்த சிறு துவாரத்தின் வழியாகச் சொன்னவை இரண்டே வார்த்தைகள்: ‘சூராட் பாகி.’ கடிதத்தைக் கொடுங்கள் என்பது அதன் கருத்து. தலைக்கு மேலே இரண்டு மின்விசிறிகள் கடகடத்துக்கொண்டிருந்தன. உள்ளே மூன்று தட்டெழுத்து யந்திரங்கள் பொரிந்து தள்ளின. பின்னால் வரிசையில் நின்ற கூட்டத்தில் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டு அழுதன. குமாஸ்தா காதைச் சாய்த்தார், பாட்டி மறுபடியும் சொன்னார், அவர் ‘ஓ, பாகி! போலே, ஏசோக் பாகி’ என்று மலர்ந்த முகத்தோடு தலையசைத்துவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். நாளைக் காலையில் வரலாம் என்று சொன்னாரே தவிர, அவரிடம் கோபமோ அலட்சியமோ எள்ளளவும் இல்லை என்பதை இன்றைக்கும் நான் சாட்சி சொல்வேன்.

நடந்தது இவ்வளவுதான். கொடு என்னும் பொருளுடைய மலாய்ச் சொல்லின் முதலொலி, ‘பஸ்’ என்பதில் நாம் சொல்லும் பகரத்தைப் போலத் தொண்டை அதிர ஒலிக்க வேண்டியது. பாட்டியின் நாவிலோ அது ‘பல்’, ‘பழம்’ என்பவற்றின் பகரமாகவே வந்தது. அப்படி வந்தால் அது காலை நேரத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடுகிறது. இரண்டையும் நம்முடைய எழுத்தில் எழுதிப் பார்த்தால் ‘பாகி’ என்றுதான் வரும். எழுத்திலேயே பிறவாத பேதத்தை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு கிழவியின் நா எங்கிருந்து கற்றுக்கொண்டிருக்கும்? பள்ளியில் மலாய் படித்துக்கொண்டிருந்த எனக்கே, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நின்றோம். விசிறிகள் அப்போதுதான் மெல்லச் சுழலத் தொடங்கியிருந்தன, தட்டெழுத்து யந்திரங்களின் உறை இன்னும் கழற்றப்படவில்லை, வரிசையும் இல்லை. அதே குமாஸ்தா, அதே ‘சூராட் பாகி’, அதே பிழையான பகரம். ஒரு நிமிஷத்தில் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

பாட்டியின் உச்சரிப்பு ஒரே இரவில் திருந்திவிடவில்லை. திருந்தியிருந்தது அந்தக் கூடத்தின் சப்தநிலை மட்டுமே. இந்தச் சிறிய வித்தியாசத்தைப் பற்றி நம்மவர்கள் போதிய சிரத்தையோடு யோசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். அயல் உச்சரிப்போடு ஒருவர் பேசி அது பிறருக்கு விளங்காமற்போனால், குற்றம் முழுவதையும் பேசியவர் தலையில் சுமத்திவிட்டு நாம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறோம். கேட்ட காதுக்கும், இரண்டுக்கும் நடுவே கிடந்த இரைச்சலுக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னால் அது ஏதோ கருணையினால் சொல்லும் சமாதானம் போலத் தோன்றுகிறது. உண்மையில் இது கருணைக்கு முன்பே கணக்காகவே நிரூபிக்கப்பட்ட விஷயம். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் மர்ரே மன்ரோ, சீன உச்சரிப்போடு பேசப்பட்ட ஆங்கில வாக்கியங்களை முதலில் அமைதியிலும் பிறகு உணவு விடுதியின் கூச்சலைக் கலந்தும் கேட்கச் செய்து, 1998-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். தாய்மொழியாளர் பேச்சையும் அந்தக் கூச்சல் பாதித்தது. ஆனால் அயல் உச்சரிப்பை அது அதைவிட மோசமாகப் பாதித்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1995-இல், அவரும் டிரேசி டெர்விங் என்பவரும் சேர்ந்து இன்னொரு தெளிவை உண்டாக்கியிருந்தார்கள்: உச்சரிப்பு எவ்வளவு அயலாகத் தொனிக்கிறது என்பது ஒன்று, பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பது வேறொன்று, மிகக் கனத்த உச்சரிப்பிலும் சொல்லுக்குச் சொல் பிசகாமல் விளங்கும் பேச்சு உண்டு.

தோட்டத்துச் செம்மண் பாதையை அறிந்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானமே தேவையில்லை. பாதை குண்டும் குழியுமாக இருந்தாலும், வெயில் காலமானால் லாரி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அடைமழையானாலும், தார் போட்ட சாலையாயின் போய்ச் சேர்ந்துவிடும். குழியும் மழையும் ஒரே நாளில் கூடும்போதுதான் சக்கரம் அச்சுவரை புதைகிறது. பேச்சில் ஒரு சொல்லைக் காட்டிக் கொடுக்க ஒன்றுக்குப் பத்து அடையாளங்கள் இருக்கின்றன. அயல் உச்சரிப்பு அவற்றுள் நாலைந்தை மாற்றிவிடுகிறது, மிச்சத்தைக் கொண்டு காது சமாளித்துக்கொள்கிறது. இரைச்சல் வந்து அந்த மிச்சத்திலும் கை வைக்கிறபோது காது வெறுங்கையோடு நிற்கிறது. இரைச்சலில் முதலில் மூழ்குகிறவை உயிரொலிகளல்ல, மெல்லிய வல்லெழுத்து ஒலிகளே. குரலை உயர்த்தி என்ன பயன்? எட்டியென் லொம்பார் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1911-இலேயே கவனித்தபடி, சூழ இரைச்சல் மிகும்போது மனிதன் தன்னையறியாமலே கத்துகிறான். கத்தும்போது பெரும்பாலும் வலுப்பது ‘பாகி’யின் ஆகாரந்தானே ஒழிய, சந்தேகத்துக்கெல்லாம் காரணமாகிய அந்தப் பகரம் இல்லை. பாட்டியும் இரண்டாம் முறை கத்தித்தான் சொன்னார்.

அயல் உச்சரிப்பு நம் வட்டாரத்துக்குப் புதியதொரு சரக்கு அன்று. சொல்லப் போனால் வட சிலாங்கூர்த் தோட்டங்கள் முழுவதும் அயல் உச்சரிப்பின் மேல்தான் கட்டப்பட்டன. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, தொழிலோடு மலாயும் தமிழும் பயின்று, சிலாங்கூர் ஆற்றை ஒட்டி ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டு, பிறகு 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வியாபாரச் செம்பனையை நட்டார். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னமரம் என்று பேர் விழுந்த வேடிக்கையை நினைத்து நான் பலமுறை சிரித்ததுண்டு. அவரே 1930-இல் ‘மலேஸி’ என்ற நாவலுக்குப் பிரான்ஸின் கொன்கூர் பரிசைப் பெற்றார். அத்தகைய இலக்கிய ரசிகருடைய நாவிலும் நம் ழகரமும் ளகரமும் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். துரைமார்களுக்குத் தமிழில் பரீட்சை இருந்தது. ‘கூலித் தமிழ்’ என்ற பேரிலேயே கைப்புத்தகங்கள் இருந்தன. அந்தத் தமிழில் ஏவல் வினைகளுக்குப் பஞ்சமில்லை, மரியாதைப் பன்மைக்குத்தான் பஞ்சம். ஆயினும் ‘வெட்டு’ என்பது ‘வேட்டூ’ என்று வந்தபோதும், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற நம் முன்னோர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொள்ளாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடைக்காது என்பதனால் புரிந்துகொண்டார்கள்.

துரையாவது வெள்ளைக்காரர். பேர் கூப்பிடும் கிராணியார் பல தோட்டங்களில் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்தார். ‘காற்று’, ‘நேற்று’ என்பவற்றின் றகரத்தை யாழ்ப்பாணத்தார் உச்சரிக்கும் விதமே வேறு; அவர்கள் ராகமும் வேறு. சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் கப்பலேறி வந்த ஜனங்களுக்கு அது தமிழ்தானா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் உண்டாகியிருக்கும். ஆனால் நாலு மாதம் சென்றால், அதே ஜனங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து, கிராணியாரைப் போலவே பேசிக் காட்டி ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உச்சரிப்பை நடித்துக் காட்ட முடிந்தால் அதைக் காது முற்றும் ஜீரணித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இப்படி மூன்று நான்கு உச்சரிப்புகளைத் தினசரி உண்டு செரித்த காதுகளின் வாரிசுகள் நாம்.

அந்த வாரிசுகள் இன்று என்ன செய்கிறோம் என்று பார்க்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நம் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் தலைநகருக்கும் குடிபெயர்ந்த பிறகு, பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட பிறகு, நாம் விட்டுவந்த லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்து குடியிருக்கிறார்கள். மிஞ்சியிருக்கும் தமிழர்களுள் சிலர் மண்டோராகவும் டிராக்டர் ஓட்டுநராகவும் ஆலையில் மேற்பார்வையாளராகவும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கேட்கப்படும் இடத்தில் நின்றவர்கள் இப்போது கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு நண்பரொருவரைப் பார்க்க ஒரு செம்பனை ஆலைக்குப் போயிருந்தேன். பழக்குலைகளை லாரி கொட்டும் மேடையருகே நின்றால் நண்பர் பேசுவதே எனக்குக் கேட்கவில்லை. கொதிகலனின் உறுமலும், குலையை அவித்த ஆவி பீறிட்டு வெளியேறும் ஓசையும், உள்ளே கொட்டை உடைக்கும் யந்திரத்தின் நறநறப்பும் சேர்ந்து காற்றே கெட்டியாகிவிட்டது போலிருந்தது. அங்கே வங்காளதேசத்து நோவாகாலிப் பக்கத்து வாலிபர் ஒருவர், நீண்ட காம்போடு வந்திருந்த குலைகளைச் சுட்டிக் காட்டி, காம்பை வெட்டவா என்று மலாயில் கேட்டார். வெட்டு என்பதற்கு மலாயில் ‘போத்தோங்’. அவர் பகுதியினர் பகரத்தை ஊதி ஃபகரமாக்கிவிடுவது வழக்கம். எனவே அது ‘ஃபோத்தோங்’ என்று வந்தது. ஊதின ஒலியை ஆலைச் சப்தம் விழுங்கிவிட, மேற்பார்வையாளராகிய நம் தமிழர் காதில் ‘ஓத்தோங்’ என்று விழுந்தது போலும். அவர் இரண்டு முறை ‘அப்பா?’ என்று வினவினார் (‘என்ன’ என்பதற்கு மலாயில் ‘அப்பா’ என்றிருப்பதும் நமக்கு எத்தனை சங்கடம்!), மூன்றாம் முறை கையை உதறிவிட்டு என்னிடம் திரும்பி, ‘இவனுங்களுக்கு ஒரு வார்த்த வாயில நுழையாதுங்க அண்ணே’ என்று சிரித்தார்.

நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை மறைத்து என்ன பயன்? பிறகுதான் எனக்கு உறைத்தது. ஃபகரத்தைப் பகரமாக்கிக் ‘கோப்பி’ குடித்து வளர்ந்த கூட்டம் நாம். பகரத்தை ஃபகரமாக்கும் கூட்டத்தார் அவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், இரண்டு தரப்பின் பிழையும் நேர் எதிரெதிராக வந்து ஒரே மேடையில் முட்டிக்கொள்ள, நடுவில் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. அந்த வாலிபரின் வாயைத் திருத்த ஓராண்டாகும். மேற்பார்வையாளரின் காதைத் திருத்துவதற்கு எவ்வளவு நேரமாகும்?

இதற்கும் விடை உண்டு, அது நாம் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. 2004-இல் அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரட் என்னும் இருவர் செய்த சோதனையில், முன்பின் கேட்டிராத அயல் உச்சரிப்புக்குக் கேட்போர் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே, சில வாக்கியங்களிலேயே, பழகத் தொடங்கிவிட்டார்கள். ஆன் பிராட்லோவும் டெஸ்ஸா பென்ட்டும் 2008-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள்: ஒரே நாட்டைச் சேர்ந்த பலருடைய உச்சரிப்பைக் கேட்டுப் பழகியவர்கள், அந்நாட்டிலிருந்து புதிதாக வந்து பேசுகிறவரையும் எளிதில் புரிந்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராணியாரைப் பேசிக் காட்டிய லயத்து ஜனங்கள் ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலே கண்டதும் இதுதான். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த முதல் நிமிஷத்தைக் காது மனமுவந்து கொடுக்க வேண்டும்; அதுவும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று கொடுக்க முடியாது.

மனமுவந்து என்று நான் சொல்வது அலங்காரத்துக்கல்ல. 1992-இல் டொனால்ட் ரூபின் என்ற பேராசிரியர், சுத்தமான அமெரிக்க உச்சரிப்பில் பதிவு செய்த ஒரே விரிவுரையை, ஒரு சாராருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும் இன்னொரு சாராருக்குக் கிழக்காசியப் பெண்ணின் படத்தையும் காட்டிக் கேட்கச் செய்தார். இரண்டாம் சாராருள் பலர் அதில் இல்லாத அயல் உச்சரிப்பைக் கேட்டார்கள். அது மட்டுமா, விரிவுரையைக் குறைவாகவும் கிரகித்தார்கள். கண் தீர்ப்பு எழுதிய பிறகு காது வெறும் கையெழுத்துப் போடுகிறது. நம் உணவகங்களில் ‘பங்களா’ என்று ஒரு சொல்லில் மனிதனை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகு அவர் பேசுவது விளங்கவில்லை என்று சொல்லும்போது, அதில் எத்தனை பங்கு உச்சரிப்பு, எத்தனை பங்கு நம் மனக்கதவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வந்த நாட்டின் பாஷையை வந்தவர் கற்க வேண்டியதுதானே, ஆபத்தான யந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு காதைப் பழக்கிக்கொண்டிருக்க முடியுமா என்பது அது. கற்க வேண்டியதுதான், மறுப்பார் இல்லை. ஆனால் ஆபத்து மிகுந்த தொழில்களுள் ஒன்றாகிய ஆகாய விமானத் தொழில் இந்தப் பொறுப்பை எப்படிப் பங்கிட்டுக்கொண்டது என்பதைப் பாருங்கள். 1977 மார்ச் 27 அன்று தெனெரீஃபே தீவின் ஓடுபாதையில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். டச்சு விமானி ஆங்கிலத்தில் சொன்ன ஒரு வாக்கியத்தை ஸ்பானிய நிலைய அதிகாரி வேறு விதமாக எடுத்துக்கொண்டதும், அதே கணத்தில் இரண்டு வானொலிச் செய்திகள் ஒன்றன்மேலொன்று விழுந்து கீச்சென்ற இரைச்சலாகிவிட்டதும் அந்த விபத்தின் காரணங்களுள் சேர்ந்தவை. இன்று சர்வதேச விமானப் போக்குவரத்தில் ஆங்கிலப் பரீட்சை உண்டு, 2008 மார்ச் முதல் அது அமலில் இருக்கிறது. ஆனால் அத்துடன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவர்களும் தங்கள் பேச்சைப் பிறருக்கு விளங்கும்படி அமைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் என்று அந்தப் பரீட்சையை ஏற்படுத்திய சர்வதேச நிறுவனமே வற்புறுத்துகிறது. முக்கியமான உத்தரவைக் கேட்ட விமானி, அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். கேட்டேன் என்றால் போதாது, என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

செம்பனை ஆலையின் மேடையில் இந்த வழக்கத்தை ஏற்படுத்துவதற்கு என்ன செலவு? புதிதாக ஆட்கள் வந்திறங்கும்போது அவர்களுக்குத் தொப்பியும் காலணியும் கொடுக்கிற நிர்வாகம், பெரட்டு முடிந்து யந்திரச் சப்தம் எட்டாத ஓர் அறையில், மண்டோரையும் ஓட்டுநரையும் அவர்களோடு அரைமணி உட்கார வைத்து, ஒன்று முதல் நூறு வரை எண்களையும், நிறுத்து, வெட்டு, விலகு, திரும்பு என்ற சொற்களையும், ஒவ்வொருவர் வாயாலும் சொல்லச் சொல்லிக் கேட்கச் செய்தால் என்ன? இதில் பாடம் படிப்பவர்கள் மண்டோர்கள், வந்தவர்கள் அல்ல. இந்தோனேசியர் ‘பூசிங்’ என்றால் தலைசுற்றுகிறது என்று பொருள், இங்கே அதே சொல்லுக்குத் திரும்பு என்று பொருள். டிராக்டர் ஓட்டுபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லதல்லவா? சொல் விளங்காத இடத்தில் கை பேசலாம், முகம் பேசலாம். பேசுகிறவர் உதடு கண்ணுக்குத் தெரிந்தால் இரைச்சலிலும் பேச்சு கூடுதலாக விளங்கும் என்பதை 1954-இலேயே சம்பி, பொல்லாக் என்ற இருவர் காட்டிவிட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு உத்தரவு போடும் நம் மேற்பார்வையாளர்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

வேலையிடத்து இரைச்சலுக்குச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு விதிகள் தொழிலாளியின் காதுக்கு 90 டெசிபெல் என்று வைத்திருந்த வரம்பை, 2019-ஆம் ஆண்டு விதிகள் 85-ஆகக் குறைத்தன. நல்ல காரியம், செவிடாகாமல் ஒரு மனிதன் வீடு திரும்ப வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது காதை. காதுக்குப் போக வேண்டிய வார்த்தையை அல்ல. காதுறை மாட்டிய இருவர் தத்தம் தாய்மொழியல்லாத மொழியில் பேசிக்கொள்ளும் அவஸ்தையைப் பற்றி அதில் ஒரு வரியும் நான் காணவில்லை.

இரைச்சலை நீக்கினால் எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. கம்போங் குவாந்தானில் இரவு நேரத்தில் மின்மினி பார்க்கப் போகிறவர்கள், துடுப்புப் போட்டுச் செல்லும் மரப் படகில் ஏற்றப்படுகிறார்கள். மோட்டார் கிடையாது, உரக்கப் பேசுவதும் கிடையாது. பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒரே தாளத்தில் மினுக்கிக்கொண்டிருக்க, படகோட்டியான மலாய்க்காரப் பெரியவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லிய குரலில் ஏதேதோ விளக்குவார். ஜப்பானியர்களும் ஐரோப்பியர்களும் தலையாட்டிக் கேட்டு, தங்கள் தங்கள் உச்சரிப்பில் சந்தேகம் கேட்பார்கள். இருட்டில் ஒருவர் உதடு ஒருவருக்குத் தெரியாது, இலக்கணமும் யாருக்கும் சரியில்லை. நான் போன மூன்று முறையும் யாரும் யாரிடமும் ‘என்ன?’ என்று கேட்டதில்லை.

கோலா சிலாங்கூர்ப் பட்டணத்தில் நான் வழக்கமாகப் போகும் உணவகத்தில் அந்த நிசப்தம் கிடைக்காது. சுவரில் தொலைக்காட்சி, அடுப்பில் இரும்புச் சட்டியின் டணார், வாசலில் மோட்டார் சைக்கிள். போன வாரம் அங்கே வங்காளதேசத்துப் பையன் ஒருவன் எங்கள் மேசைக்கு வந்து, தேநீர் சூடாக வேண்டுமா என்பதை ‘ஃபானாஸ்?’ என்று கேட்டான். எதிரே உட்கார்ந்திருந்த, தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டி ஓய்ந்த பெரியவருக்கு அது பிடிபடவில்லை. அவர் கையை உதறவில்லை. எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சப்தத்தைக் குறைத்துவிட்டு வந்து, பையன் முகத்தை நேரே பார்த்து, ‘எங்க, இன்னொரு தடவ சொல்லுய்யா’ என்றார். பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திருப்பிச் சொன்னான். ‘ஓ, பானாஸ்! ஆமாய்யா, நல்லா பானாஸா கொண்டா, சீனி கொறச்சு’ என்றார் அவர். இந்தத் தடவை விழிப்பது பையன் முறையாயிற்று. ‘கூராங் மானிஸ்’ என்று பெரியவர் தம்முடைய தோட்டத்து மலாயில் விளக்கினார். ‘கூராங் மானிஸ்,’ என்று அவனும் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனான். தேநீர் சூடாகத்தான் வந்தது. சீனியும் அளவாக இருந்தது.